பரமபதத்துப் பாம்பும் போர்க்காலப் பலகையும்

நாகப்பட்டினத்தில் சௌந்தரராசப் பெருமாள் கோயில் பக்கம் மார்கழி பிறந்ததும் பரமபதப் படம் விற்கும். மெல்லிய தாளில் அச்சான படம்தான். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றோடொன்று சற்று விலகி அச்சாகியிருக்கும். அதை வாங்கி வந்து பழைய காலண்டர் அட்டையில் கோதுமைப் பசை தடவி ஒட்டி, வைகுண்ட ஏகாதசி வரும்வரை பரண் மேல் வைத்துவிடுவார்கள். விரதம் இருப்பவர்கள் அன்று இரவு தூங்கக் கூடாது. விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கும்வரை கண் விழிக்க வேண்டும். கூடத்தில் ஒரு பாயை விரித்து, நடுவில் படத்தை வைத்து, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டினால் இரவு நகர்ந்துவிடும்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ உடைந்த வளையல் துண்டோ போதும். கீழ்வரிசைக் கட்டங்களில் விலங்குகளும் பறவைகளும் இருக்கும். மேலே போகப் போக மனிதர்கள், ரிஷிகள், தேவர்கள். அதற்கும் மேலே பிரம்மலோகம், கைலாயம், வைகுண்டம். ஏணிகளின் அடியில் பக்தி, ஞானம் என்று நற்குணங்களின் பெயர் இருக்கும். பாம்புகள் அசுரர்களின் பெயரையும் கெட்ட குணங்களின் பெயரையும் தாங்கியிருக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே, பரமபதத்தைத் தொடப்போகும் நேரத்தில், படத்திலேயே நீளமான பாம்பு வாய் பிளந்து காத்திருக்கும். அதன் வாயில் விழுந்தால் இரவெல்லாம் ஏறியதெல்லாம் போய் மறுபடி அடிவரிசையில் பன்றியோடும் நாயோடும் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பாம்பு வயது பார்க்காது. வீட்டுக்குப் பெரியவரைக் கடிக்கும், ஆறு வயதுப் பேத்தியை விட்டுவிடும். எங்கள் வீட்டில் ஒரு முறை கடிபட்டுக் கீழே வந்த பையன் அழ ஆரம்பித்தபோது பாட்டி சொன்னாள்: "ஏன்டா அழறே? வெளியிலேர்ந்து யாரும் வந்து கடிக்கலையே. நமக்குள்ள இருக்கிறதுதான் கடிக்குது. மறுபடி உருட்டு."

இதை எழுதுவதற்குக் காரணமே அந்தச் சொல்தான். இதே போன்றதொரு பலகை, இதே போல் குடும்பம் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிய பலகை, இன்னொரு நாட்டில் என்ன ஆனது என்று படித்தபோது, பாட்டி சொன்னதன் கனம் எனக்கு வேறு விதமாகப் புரிந்தது.

பரமபதம் தனியாகப் பிறந்த ஆட்டம் இல்லை. வடக்கே ஞான சௌபட் என்ற பெயரில் வைணவர்களிடமும் சமணர்களிடமும் இதன் உறவுக்காரப் பலகைகள் இருந்தன. சூஃபிகளும் தங்கள் ஞானப் பாதையை இதே வடிவத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். திபெத்தில் பிறவிகளையும் ஞானநிலைகளையும் கடந்து ஏறும் ஒரு பலகை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் சாக்ய பண்டிதர் அதை உருவாக்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது. ஜப்பானில் இதன் பெயர் ஜோடோ சுகொரொகு. ஜோடோ என்பது அமிதாப புத்தரின் தூய உலகம். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது என்று சொல்ல நான் வரவில்லை. மனிதன் கீழிருந்து மேலே ஏறுகிறான், வழியில் சறுக்குகிறான் என்பதைப் பிள்ளைகளுக்கும் புரியும்படி காட்ட ஆசியா முழுக்கப் பலருக்கும் ஒரு தாளும் ஒரு பகடையும் கைகொடுத்திருக்கின்றன.

நாகைக்காரர்களுக்கு இந்தப் பௌத்தப் பலகை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கே ஒரு விகாரை எழுப்பினார். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை இறையிலியாகக் கொடுத்தார். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய், லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. விகாரையின் எச்சமாகக் கருதப்பட்ட கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். 1856 முதல் 1930கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணைத் தோண்டியபோதெல்லாம் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350. இந்த ஊர் கடல் தாண்டிய பௌத்தர்களின் துறைமுகமாகப் பல நூற்றாண்டுகள் இருந்தது.

ஜோடோ சுகொரொகுவின் தொடக்கக் கட்டம் நாவலந்தீவு. மனிதர்கள் வாழும் இந்தத் தென்திசைக் கண்டம். அங்கிருந்துதான் ஆட்டக்காரர் புறப்பட வேண்டும். பகடையின் ஆறு பக்கங்களில் புள்ளிகள் கிடையாது. புத்தர்களை வணங்கும் ஒரு தொடரின் ஆறு எழுத்துகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொறித்திருப்பார்கள். எழுத்தைப் பொறுத்துத் தேவர் உலகத்துக்கும் போகலாம், பசித்த பேய்களின் உலகத்துக்கும் போகலாம். நிரந்தரமாய் அமிழ்ந்துபோகும் நரகக் கட்டம் ஒன்றும் உண்டு. அதில் விழுந்தவர் அந்த ஆட்டத்தில் மீளவே முடியாது. அந்த விஷயத்தில் நம் பரமபதம் இரக்கமுள்ளது. எவ்வளவு ஆழத்தில் விழுந்தாலும் மறுபடி உருட்டலாம்.

‘எதோ’ காலத்தில், அதாவது 1868க்கு முந்தைய இரண்டரை நூற்றாண்டுகளில், மரக்கட்டை அச்சு பெருகியபோது ஜப்பானியப் பலகையில் மதம் மெல்லப் பின்னுக்குப் போனது. எதோ நகரிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, கியோத்தோவுக்குச் செல்லும் தொக்கைடோ சாலையின் 53 தங்கல்களும் கட்டங்களாயின. நாடக நடிகர்கள் வந்தார்கள், உத்தியோகத்தில் உயர்வது வந்தது. முடிவுக் கட்டத்தில் புத்தர் இருந்த இடத்தில் ஊரும் பதவியும் உட்கார்ந்தன. அதில் தவறேதும் இல்லை, ஆட்டம் மகிழ்ச்சியான ஆட்டமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவுக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் பத்திரிகைகள் பெருகின. புத்தாண்டு இதழோடு ஒரு பெரிய வண்ண சுகொரொகுப் பலகையை இலவச இணைப்பாகக் கொடுப்பது வழக்கமாயிற்று. நமக்கு தீபாவளி மலர் எப்படியோ அப்படி அங்கே பிள்ளைகள் அந்த இணைப்புக்காகக் காத்திருப்பார்கள். 1894இல் சீனாவோடும் 1904இல் ரஷ்யாவோடும் போர் மூண்டபோது படைவீரர்களும் போர்க்கப்பல்களும் கட்டங்களுக்குள் நுழைந்தார்கள். 1930களில் சீனாவுக்குள் படை முன்னேறியபோது இது உச்சத்துக்குப் போனது. சிறுவர்களுக்கான ஷோனென் குராபு, சிறுமிகளுக்கான ஷோஜோ குராபு, இல்லத்தரசிகளுக்கான ஷுஃபு நோ தோமோ ஆகிய இதழ்களெல்லாம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தவை. பிரசாரத்துக்கு இதைவிடச் சுலபமான வாசல் இருக்க முடியாது. மேடைப் பேச்சைக் கேட்க வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும், வானொலியை வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். புத்தாண்டு நாளில் தாத்தாவும் அம்மாவும் குழந்தையும் சேர்ந்து சிரித்துக்கொண்டு விளையாடும் பலகையை யார் அணைப்பார்?

அந்தப் பலகைகளில் சில போர்முனையைக் காட்டின: விமானம், டாங்கி, கைப்பற்றிய நகரம், ஏற்றிய கொடி. வேறு சில வீட்டைக் காட்டின, அவைதான் என்னை அதிகம் கலங்க வைப்பவை. சேமிப்புப் பத்திரம் வாங்குதல், பழைய இரும்பைச் சேர்த்துக் கொடுத்தல், வீரர்களுக்கு ஆறுதல் பை தைத்து அனுப்புதல், தெருவில் நிற்கும் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போடும் ஆயிரம் தையல் கச்சை, விமானத் தாக்குதல் ஒத்திகை. ஒரு குடும்பத்தின் நாள் முழுவதையும் போருக்கு உரியதாக்கி, அதையே ஆட்டத்தின் கட்டங்களாகவும் ஆக்கிவிட்டார்கள். எல்லாக் கட்சிகளும் கலைந்துவிட்ட நிலையில், 1940 அக்டோபரில் அரசு ஒரே மக்கள் இயக்கம் அமைத்தது. அதன் கொள்கையைப் பரப்ப ‘யொக்குசன் இக்கா’ என்றொரு சித்திரக் குடும்பத்தையே உருவாக்கினார்கள். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் இருக்கும் கூட்டுக்குடும்பம் அது. பல ஓவியர்கள் அதை வரைந்தார்கள். அவர்களில் ஒருவர் மச்சிகோ ஹாசேகாவா. 1946இல் ‘சசாயே சான்’ என்ற அமைதியான குடும்பச் சித்திரத்தைத் தொடங்கி, ஜப்பான் முழுதும் நேசித்த ஓவியராக ஆனவர் அவரேதான்.

சுகொரொகுவோடு இது நிற்கவில்லை. புத்தாண்டில் பாட்டுச் சீட்டு விளையாடுவது அங்கே பழைய வழக்கம். நூறு புலவர்களின் நூறு பாடல்கள், அவற்றில் நாற்பதுக்கு மேல் காதல் பாடல்கள். போர்க்காலத்தில் காதல் எதற்கு என்று, 1942இல் நாட்டுப்பற்றுப் பாடல்களாகவே நூறு பொறுக்கி ‘நாட்டுப்பற்று நூறு’ என்று புதிய சீட்டுக்கட்டு வெளியிட்டார்கள்.

இனி நாகைக்கு வருகிறேன். ஜப்பானியச் சிறுவர்கள் தாளில் காய் நகர்த்திய தெற்குக் கடல் ஊர்களுக்கு, மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், நம் ஊர் ஆட்கள் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மலேயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டி அனுப்பிய முகாம்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. சென்னையில் புறப்பட்டு நாகையில் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் டெல்டாவின் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கூலியாட்கள் போவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. ஆனாலும் அக்கரையில் இருந்தவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இக்கரையில் பல வீடுகள் நடந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினார்கள். டிசம்பர் 11 அன்று பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மணியார்டரும் கடிதமும் நின்றுபோயின. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி வருவது நின்றது, தஞ்சைக் கழனிகளின் நெல்லின் மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழ, சென்னையில் பாதி ஊர் காலியானது. அடுத்த ஆண்டு, பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் காட்டிலேயே மாண்டார்கள்.

சிங்கப்பூர் வீழ்ந்ததைக் கொண்டாட ஜப்பான் அரசு தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரப்பர் பந்து வழங்கியது. தெற்கே ரப்பர் நமக்குக் கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமான பரிசு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர்கள்தான் பால் வெட்டினார்கள். விடியற்காலை இருட்டில் மரத்துக்கு மரம் போய், பட்டையைச் சாய்வாகச் சீவி, வடியும் பாலைக் கோப்பையில் பிடித்த கைகள் அவை. பந்தைப் பிடித்த பிள்ளைக்கு இது தெரிய வழியில்லை. அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அதன் கையில் கொடுத்தவர்களின் மேல்தான் இன்றுவரை ஆறவில்லை.

இது ஜப்பானியர் மட்டும் செய்த காரியம் அல்ல. ஜெர்மனியில் கப்பலும் விமானமும் ஏறி இங்கிலாந்தைத் தாக்கப் போவதாக ஒரு பலகை 1940இல் விற்றது. முதல் உலகப் போரின்போதே இங்கிலாந்துக் கடைகளில் பதுங்குகுழி விளையாட்டுகள் வந்துவிட்டன. பரமபதமும் அதற்கு முன்பே உலகம் சுற்றத் தொடங்கியிருந்தது. 1890களில் லண்டனில் அது ‘பாம்பும் ஏணியும்’ ஆகி, அசுரர்கள் இருந்த இடத்தில் சோம்பலும் கீழ்ப்படியாமையும் வந்தன. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்புகளையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூங்காவின் சறுக்குமரத்தை வைத்து விற்றது. போர் உச்சத்தில் இருந்த அதே ஆண்டு.

பலகையால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது தவறு என்று நான் நினைக்கவில்லை. பரமபதமே பாடப் பலகைதான். பெரியவர்கள் நம்பியதைப் பிள்ளைகள் மனத்தில் இருத்தத்தான் அதை வரைந்தார்கள். ஆனால் பரமபதத்தில் வழி மறிப்பது காமமும் குரோதமும் பொறாமையும். அவை உருட்டுகிறவர் நெஞ்சிலேயே குடியிருப்பவை. எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தைக்கும் அதே பாம்புகள்தான். போர்க்காலப் பலகையில் தடை வெளியே இருக்கிறது, அதற்கு ஒரு நாட்டின் பெயரும் ஒரு முகமும் உண்டு. ஒரு முறை ஓய்ந்திரு, இரண்டு கட்டம் பின்னே போ என்ற தண்டனைகள் அங்கும் உண்டு. சொந்தப் படை செய்த கொடுமைக்கு மட்டும் தண்டனைக் கட்டம் எங்கும் கிடையாது. தோல்விக்கும் கட்டம் கிடையாது. அந்தப் பலகையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு 1945 ஆகஸ்ட் 15 எதிர்பாராத இடி.

அதன் பிறகு நடந்ததும் சொல்லப்பட வேண்டியது. அந்த இலையுதிர் காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தங்கள் பாடப் புத்தகங்களில் போரைப் புகழ்ந்த வரிகளைத் தூரிகையால் மை பூசி அழித்தார்கள். நேற்று மனப்பாடம் செய்யச் சொன்னதை இன்று அழிக்கச் சொன்னவர் அதே ஆசிரியர். தப்பிப் பிழைத்த பலகைகள் இப்போது தோக்கியோவின் அருங்காட்சியகங்களிலும் உலகின் பல நூலகங்களிலும் இருக்கின்றன. சுகொரொகு சாகவில்லை. அரசியல் நீங்கிய அதை, கார்ட்டூன் பாத்திரங்களோடும் ரயில் நிலையங்களோடும் புத்தாண்டில் இன்றும் பிள்ளைகள் உருட்டுகிறார்கள்.

நாகையில் இன்று பரமபதம் எப்படி இருக்கிறது? ஏகாதசி இரவில் கோயிலில் கூட்டம் குறையவில்லை. சொர்க்கவாசலுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே வரிசை நிற்கிறது. ஆனால் வீட்டுக் கூடத்தில் பாயும் பலகையும் குறைந்துவிட்டன. கண் விழிக்கத் தொலைக்காட்சி இருக்கிறது, செல்போனில் லூடோ இருக்கிறது. பிள்ளைகள் கையில் இருக்கும் பாம்புக் கட்டத்தில் ஒன்று முதல் நூறு வரை எண்கள் மட்டும்தான். எந்தப் பாம்பு எந்தக் குணம், எந்த ஏணி எந்தப் புண்ணியம் என்று ஒரு எழுத்தும் இல்லை. கடிபட்டால் ஏன் கடிபட்டோம் என்று கேட்க இடமே இல்லாத ஆட்டம். சென்னையில் க்ரீடா போன்ற அமைப்புகள் பழைய பலகைகளைத் துணியிலும் அட்டையிலும் மறுபடி கொண்டுவருகின்றன. அது நல்ல காரியம். என்றாலும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள்தான்.

இன்னொரு பக்கம், பலகை இன்றும் பிரசாரத்துக்குப் பயன்படத்தான் செய்கிறது. கை கழுவுதல், தடுப்பூசி, எய்ட்ஸ் விழிப்புணர்வு, வாக்குப்பதிவு என்று பாம்பும் ஏணியும் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் முகாம்களிலும் எத்தனையோ வேடம் போட்டுவிட்டன. பேரிடரை எதிர்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்க ஐ.நா.வின் பேரிடர்க் குறைப்பு அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ‘ரிஸ்க்லேண்ட்’ என்று ஒரு பலகை வெளியிட்டன. மரம் நட்டால் மேலே ஏறலாம், ஆற்றோரத்தில் வீடு கட்டினால் கீழே விழ வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பிள்ளைகளை இழந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, கடல் பின்வாங்கினால் மேட்டை நோக்கி ஓடு என்று சொல்லித்தரும் ஒரு பலகை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அந்தப் பாடம் எந்தக் குடும்பத்தையும் இன்னொரு குடும்பத்துக்கு எதிராக நிறுத்துவதில்லை.

நாகையின் நாகமும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆதிசேஷன் வந்து பெருமாளை வழிபட்ட தலம் என்றுதான் தலபுராணம் சொல்கிறது. பலகையில் கடிக்கும் பாம்பு, கோயிலில் பக்தனாக நிற்கிறது. எதிரி என்று வரையப்பட்டது எதிரியாகவே இருந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஊர் மரபில் இல்லை.

ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாகப்பட்டினத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு சுவரை இந்தப் பலகைகளுக்கு ஒதுக்கலாம். வீட்டுப் பரண்களில் இன்னும் மிச்சமிருக்கும் பரமபதப் படங்களை ஊர்மக்களிடம் கேட்டு வாங்க வேண்டும். தொடக்கக் கட்டத்தில் நாவலந்தீவு இருக்கும் ஜோடோ சுகொரொகுவின் பிரதி ஒன்றைச் சூளாமணி விகாரையின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். பிறகு ஒரு போர்க்கால சுகொரொகுவையும், மலேயாவுக்கு ஆளேற்றிய முகாமின் கதையையும், ரஜூலாவின் படத்தையும் அருகருகே வைக்க வேண்டும். கீழே ஒரு பாய் போட்டு, பெயர்கள் அச்சான பரமபதம் ஒன்றையும் ஒரு ஜோடித் தாயக்கட்டையையும் விட்டுவைத்தால், பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து உருட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு பாம்பின் பெயரையும் சத்தமாகப் படித்துச் சொல்ல, ஊர்ப் பாட்டிமார் யாராவது ஒருவர் கூட இருந்தால் போதும்.